அடுப்புக்கு மேல் பக்டீரியா

எங்கள் தோட்டத்தில் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டொக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. கொழும்பில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, துண்டில் எழுதியிருந்ததைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவன். கடை மூடிப்போனதும் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். வந்த கையோடு, லயத்து வரிசை வீடுகளில் யாராவது தும்மினால்கூட "பக்டீரியாவா, வைரஸா?" என்று விசாரிக்கத் தொடங்கினேன். சுதாகரன் என்ற என் பெயர் அதோடு போயிற்று. கேலிக்குத்தான் டொக்டர் என்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அதுவரை யார் கூப்பிட்டாலும் பெருமையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பிரேமினி கொழுந்து பறிக்கிறவள். வாய் குறைவு, கை வேகம். எனக்கு நேர் எதிர். ஒரு நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்தவள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் சொன்னாள்.

“என்னாங்க, நான் குவைத்துக்குப் போகப் போறேன். ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன்.”

“குவைத்துக்கா? எதுக்கு புள்ள?”

“எதுக்குன்னு வேற கேக்குறீங்களா? ஒரு ஆளு கொழுந்து பறிச்சு, ஒரு ஆளு வெளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தா வீடு ஓடுமா?”

விளக்கம் சொல்கிற ஆள் நான்தான். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மா வெளிநாட்டில். சாப்பிடும்போது போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, திரையில் தெரிகிற அம்மாவுக்கு ஒவ்வொரு வாய் சோற்றையும் காட்டிக் காட்டிச் சாப்பிடும். அதைப் பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கியதில்லை. இப்போது அந்தப் போன் எங்கள் வீட்டுக்கும் வரப்போகிறது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நடத்துகிற தொரை, கைவிட்ட தேயிலை மலையில் மரக்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார். நான் பிரேமினியிடம் கெஞ்சினேன். போஞ்சி போடுவோம், போஞ்சிக்கு எப்போதும் கிராக்கி, நீ போகவே வேண்டாம் என்றேன். அவள் ஒரு விரலை நீட்டினாள்.

“ஒரே ஒரு போகம். நல்லா வந்தா நான் போகல. வரலன்னா என்னைய தடுக்கக் கூடாது. சரியா?”

“சரி” என்றேன். அப்போதே போஞ்சி காய்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த மானாப்புல்லை அவள் வெட்டினாள். எங்கெங்கே புல் இருக்கிறது என்று நான் காட்டினேன். தேயிலை நின்ற மண் புளித்துப்போயிருக்கும் என்று டொலமைட் சுண்ணாம்புத் தூளை அவள் சுமந்து வந்து தூவினாள். தூவுகிற விதத்தை நான் பாராட்டினேன். இப்படி இருவரும் சேர்ந்து பாடுபட்டோம்.

விதை போடுவதற்கு முன் விவசாயப் போதனாசிரியர் ஷாமிலா மிஸ் எங்களையெல்லாம் கூப்பிட்டு வகுப்பு வைத்தார். போஞ்சி, அவரை மாதிரிச் செடிகளின் வேரில் ஒரு பக்டீரியா குடியிருக்குமாம். காற்றில் இருக்கிற நைதரசனைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடாக்கிக் கொடுக்குமாம். வேரில் சின்னச் சின்ன முடிச்சு முடிச்சாகத் தெரியுமாம். காலங்காலமாகத் தேயிலையே நின்ற மண்ணில் அந்தப் பக்டீரியா இருக்காது, நாம்தான் விதையோடு சேர்த்துப் போட வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தார். உள்ளே ஈரத் தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது.

“இது உசுரோட இருக்குங்க. வெயில் படக்கூடாது, சூடு ஆகவே ஆகாது. வெத போடுற வரைக்கும் குளிரான எடத்துல வைங்க. அன்னைக்குக் கஞ்சித் தண்ணியில கொழைச்சு, வெதையில பூசி, நெழல்ல உலர்த்திப் போடுங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் எழுந்து நின்று, மருந்துத் துறையில் எனக்குள்ள அனுபவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். ஷாமிலா மிஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ “டொக்டரு, பஸ்ஸு போயிரும்” என்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது ஒரே மழை. பனி வாசல்வரைக்கும் இறங்கியிருந்தது. சுவரைத் தொட்டால் ஜில்லென்றது, போட்டிருந்த சுவெட்டர் காயாமல் நாறியது. பாக்கெட்டை மேசையில் வைத்தேன். வைத்ததும் பாவமாக இருந்தது. உயிருள்ள சாமான் அல்லவா?

எங்கள் லயத்து வீடுகளில் எல்லாம் அடுப்புக்கு மேலே ஒரு தகரத் தட்டு இருக்கும். உப்பு, நெருப்புப் பெட்டி, கருவாடு, நனைந்த சொக்ஸ் என்று ஈரத்தில் கெட்டுப்போகிறது எல்லாம் அங்கேதான் ஏறும். உப்புப் போத்தலைக் கொஞ்சம் நகர்த்தி, கருவாட்டுக்குப் பக்கத்தில் பாக்கெட்டைப் படுக்க வைத்தேன்.

பிரேமினி பார்த்துவிட்டாள். “மிஸ்ஸு குளிரான எடத்துலன்னுல சொன்னாங்க?”

“அது கீழ்நாட்டு ஆளுங்களுக்குச் சொல்றது புள்ள. நம்ம ஊரே ஐஸ்பெட்டி. இதுக்கு மேல குளிர வச்சா வெறச்சு செத்துப்போயிரும். உசுருள்ளது கொஞ்சம் கணகணப்பா இருந்தாத்தான் சுறுசுறுப்பா வேலை செய்யும்.”

“நெசமாவா?”

“நான் எத்தன வருஷம் மருந்துக்கடையில நின்னேன்?”

அவள் நம்பிவிட்டாள். வழக்கமாக நான் சொல்வதை நம்பாதவள் அன்றைக்குப் பார்த்து நம்பிவிட்டாள். இப்போது நினைத்தால் அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மழை விடுகிறவரை அந்தப் பாக்கெட் அடுப்புச் சூட்டிலும் புகையிலும் கருவாட்டோடு கருவாடாகக் கிடந்தது.

விதை முளைத்தது. கொடி ஏறியது. நான் தினமும் போய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு வந்தேன். பிறகு இலை மஞ்சளடிக்க ஆரம்பித்தது. பக்கத்துத் துண்டுக்காரர் மூக்கனின் போஞ்சி கறுகறுவென்று ஏற ஏற, எங்களுடையது காமாலைக்காரன் மாதிரி வெளுத்துக்கொண்டே போனது. தோட்டத்து ஆட்கள் அதற்கு டொக்டர் வார்டு என்று பெயர் வைத்தார்கள். காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் வேலியோரம் நின்று “வார்டுல இன்னைக்கு எத்தன பேரு டொக்டர்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஷாமிலா மிஸ் வந்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிக் காட்டினார். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“பாத்தீங்களா மிஸ்! எவ்வளவு சுத்தம்! ஒரு கட்டி இல்ல, ஒரு நோய் இல்ல” என்றேன்.

“அந்தக் கட்டிதான் அண்ணா இருக்கணும்” என்றார் மிஸ். “ஒண்ணுகூட இல்லயே. பாக்கெட்ட எங்க வச்சிருந்தீங்க?”

நான் சொன்னேன். கணகணப்பு பற்றியும் சொன்னேன். வேடிக்கை பார்க்க வேலியோரம் ஆட்கள் கூடியிருந்தார்கள். மூக்கன்தான் முதலில் ஆரம்பித்தார், “அடப்பாவி, வறுத்துப்புட்டியா?” அந்த மலையே சிரித்தது. வருஷக்கணக்காகப் பக்டீரியாவைக் கொல்கிற மாத்திரை விற்றவன், வாழ வைக்கிறேன் என்று புறப்பட்டு அதையும் கொன்றுவிட்டேன். கை ராசி அப்படி.

பிரேமினி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

“எங்க வீட்டுல யாருமே தனக்குன்னு ஒரு செடி நட்டதில்லைங்க. எங்க அம்மா, அதுக்கு முந்தி உள்ளவங்க, நட்டதெல்லாம் தொரைங்களுக்குத்தான். நான்தான் மொதல்ல நட்டேன். அதையும் இப்புடி பண்ணிப்புட்டீங்களே.”

ஏதாவது திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கே அவள் ஏஜென்ட்டோடு போனில் பேசுவது கேட்டது. மெடிக்கல் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஷாமிலா மிஸ்ஸைத் தேடிக்கொண்டு ஓடினேன். வேறு பாக்கெட் கேட்டேன். கையிருப்பு தீர்ந்துவிட்டது, வர நாளாகும் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். “பழைய வழி ஒண்ணு இருக்கு அண்ணா. போஞ்சி நல்லா வெளையுற, நோயில்லாத தோட்டத்துலருந்து வேரடி மண்ணு கொண்டாங்க. அதுல அந்தப் பக்டீரியா இருக்கும். பாதி எடத்தையாவது கொத்தி, அந்த மண்ணக் கலந்து புதுசா வெத போடுங்க. பாக்கெட் அளவுக்கு உறுதி சொல்ல முடியாது. இந்தத் தடவ தயவுசெஞ்சு வெயில்ல வைக்காதீங்க, அடுப்புலயும் வைக்காதீங்க.”

நானுஓயாவுக்குப் பக்கத்தில் பிரேமினியின் ஒன்றுவிட்ட மாமா முத்துலிங்கம் போஞ்சி போடுகிறார். ஹட்டனுக்குப் போய் ரயில் ஏறினேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்ள, காசு கேட்டு வந்திருக்காங்க, பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. மண்ணு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்” என்றார். ஆனாலும் நல்ல செடியாகப் பார்த்து, வேரடியில் தோண்டி ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

ஹட்டனில் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறியதும் வினை வந்தது. சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டான். மண் என்றேன். முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி, “எந்தச் சுடுகாட்டு மண்ணு தம்பி? யாருக்கு வைக்கப் போற?” என்று கேட்டுவிட்டார். செய்வினைக்காரன் என்று என்னைச் சொல்வதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லம்மா. இதுக்குள்ள கோடிக்கணக்கான பக்டீரியா இருக்கு!”

கொரோனாவுக்குப் பிறகு பஸ்ஸில் சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? என்னைச் சுற்றியிருந்த சீட்டெல்லாம் காலியாயிற்று. ஒருவர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நல்ல பக்டீரியாதான், நைதரசன்தான் என்று நான் விளக்க விளக்க, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனார்கள். பின் சீட் முழுவதும் எனக்கும் சாக்குக்கும்தான். வெயில் படாமல் என் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சாக்கை மலையில் இறக்கி வைத்தேன். நான் மண்வெட்டியை எடுத்து மேல் பாதியைக் கொத்த ஆரம்பித்தேன். உள்ளங்கை தோலுரிந்தது. “மெடிக்கல கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கேன். அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அவள் விதை போட்டாள்.

புதுச் செடி ஏறியதும் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இருந்தது! நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் உயிரோடு வேலை செய்கிறது என்று மிஸ் சொல்லியிருந்தார். சந்தோஷம் தாங்காமல் இன்னொன்றைப் பிடுங்கினேன். மறுநாளும் ஒன்று. “நீங்க சந்தோஷப்படுறதுக்கே பாதித் தோட்டம் போயிரும்” என்று பிரேமினி என்னை விரட்டிவிட்டாள்.

மேல் பாதி கறுத்து, காய்த்துத் தொங்கியது. கீழே டொக்டர் வார்டு கடைசிவரை வார்டாகவே இருந்தது. பறித்ததையெல்லாம் லொறிக்காரன் ஹட்டனுக்கு ஏற்றிக்கொண்டு போனான். இது நல்லா வந்த கணக்கா, வராத கணக்கா? பாதி நிலம் பச்சை, பாதி நிலம் மஞ்சள். எனக்காக நானே வாதாடிப் பார்த்தேன், நானே தோற்றேன். அவளிடம் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. மெடிக்கல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பறிப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து நான் வாயே திறக்கவில்லை. தண்ணீர் எடுத்தேன், விறகு பிளந்தேன், மகளின் சட்டையைக்கூடத் துவைத்துப் போட்டேன். பிறகு மலைக்குப் போய்க் காய்ந்த கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, நிலத்தையாவது சுத்தமாகத் திருப்பிக் கொடுப்போம் என்று நினைத்தேன்.

பின்னாலேயே கத்தியோடு வந்த பிரேமினி சத்தம் போட்டாள்.

“ஐயையோ, வேரோட புடுங்காதீங்க! மேல அறுத்துட்டு வேர மண்ணுலயே விடுங்க.”

“எதுக்கு?”

“அதுலதான அந்த முடிச்செல்லாம் இருக்கு. அடுத்த வெதைக்கு மண்ணுலயே கெடக்கட்டும்.”

“அடுத்த வெதயா? யாரு போடுறது?”

அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “நான்தான். வேற யாரு, நீங்களா?”

நான் பிடுங்கிய கொடியைக் கீழே போட்டேன். “அப்ப குவைத்து?”

“வரலன்னு ஏஜென்ட்டுக்கு நேத்தே சொல்லிட்டேன்.”

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூக்கன் அடுத்த துண்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தும் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

“நேத்தே சொன்னவ எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? காலையிலருந்து செத்துக்கிட்டு இருக்கேன்!”

“சொல்லியிருந்தா” என்று கத்தியை என் கையில் கொடுத்தாள் பிரேமினி, “அந்த வெறகப் பொளந்திருப்பீங்களா?”