மகாராணிக்கு வளைகாப்பு

திருத்தங்கலில் பட்டாசு கம்பெனி நடத்தும் செந்தூர்பாண்டி, ஒரு பாரசீகப் பூனை வாங்கி அதற்கு மகாராணி என்று பேர் வைத்தார். கொஞ்ச நாளில் அதன் வயிறு பானை மாதிரி உப்பியது.

"நம்ம மகாராணி மாசமா இருக்கா!" என்றாள் மனைவி பொன்னுத்தங்கம். டாக்டரிடம் காட்டலாம் என்று மகள் ஐஸ்வர்யா சொன்னது யார் காதிலும் விழவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு குட்டி கேட்டு வைத்தார்கள். வளைகாப்புக்கு எல்லாரையும் அழைத்தார் செந்தூர்பாண்டி.

சந்தனம் பூசும்போது மகாராணி சீர்த்தட்டிலேயே வாந்தி எடுத்தது.

"சேமியாவுல்ல தின்னுருக்கு!" என்று குனிந்து பார்த்தாள் பொன்னுத்தங்கத்தின் மதினி. சேமியா நெளிந்தது. மதினி அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஐஸ்வர்யா பூனையை டாக்டரிடம் தூக்கிப் போனாள். அப்பாவும் கூடவே போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாலைத் தூக்கியும் பார்த்தார்.

"குட்டி இல்லைங்க, பூரா குடல்புழு. அதுவும் இது பொட்டையே இல்லைங்க, கடுவன் பூனை."

"எங்க வீட்டுப் பூனைக்குப் புழுவா? யாருகிட்டப் பேசுறீக?" என்று எகிறினார் செந்தூர்பாண்டி. டாக்டர் மாத்திரையை ஐஸ்வர்யாவிடம் கொடுத்தார்.

மாத்திரையில் வயிறு வற்றியது. கேட்டவர்களிடமெல்லாம், "குறைப்பிரசவம் ஆயிருச்சு" என்று குரல் கம்மச் சொன்னார் செந்தூர்பாண்டி. புழுவைக் கண்ணால் பார்த்தவர்களும் உச்சுக் கொட்டினார்கள். தீபாவளி சீசனுக்கு அவர் கம்பெனியிலிருந்துதான் அந்தச் சொந்தக்காரர்களின் பட்டாசுக் கடைகளுக்கு லோடு வரவேண்டும்.

மதினி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, "உடம்பப் பாத்துக்கோத்தா" என்று கடுவனின் தலையைத் தடவினாள்.