பின்னந்தலை

கதவின் கைப்பிடியில் வைத்த கையை ஜோரீன் எடுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. இன்னொரு கையில் அம்மாவின் பை. அதற்குள் சுருட்டை முடியைச் சூட்டால் நேராக்கும் இரும்புச் சீப்புகள், அவற்றைக் காய்ச்சுகிற சின்ன மின்சார அடுப்பு, எண்ணெய் டப்பா, வெள்ளைத் துண்டு. கார் நிறுத்தத்திலிருந்து வரும் வழியெல்லாம் சீப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன. இப்போது அவையும் வாயைத் திறக்கவில்லை.

"கதவு என்ன கடிக்கவா போகுது? தெறடி," என்றாள் பின்னாலிருந்து செல்மா சித்தி.

"நீங்க முன்னால போங்களேன், சித்தி."

"எனக்கு முட்டி வலி. நான் இப்படி பெஞ்சில உக்காந்துக்கறேன்."

முட்டி வலிக்கும் கதவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். செல்மா உட்கார்ந்து, உறை போட்ட கத்தரிப்பூ நிற உடுப்பை மடியில் கிடத்திக்கொண்டாள், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல.

உள்ளே இருந்தவள் வெர்னீஸ். ஜோரீனின் அம்மா, செல்மாவின் அக்கா. அந்த உடுப்பு அவளுக்குத்தான். மெம்பிஸின் தெற்குப் பக்கத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். வியாழக்கிழமை மத்தியானம் மிஸஸ் பெட்வேயின் தலையில் ஒரு பக்கம் முடித்துவிட்டு, மறுபக்கத்துக்குச் சீப்பை எடுக்கத் திரும்பியவள் அப்படியே சரிந்துவிட்டாள். பெட்வே அம்மாள் இன்றைக்கும் அந்த அரைத்தலைக்கு மேல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாளாம்.

எங்கள் கறுப்பினப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கையில் தலை வாரிய கைதான், போன பிறகும் வந்து கடைசியாக ஒருமுறை வார வேண்டும். வெர்னீஸ் எத்தனையோ பேருக்கு இப்படி வந்து வாரியிருக்கிறாள். அவள் தலைக்கு யார் வருவது? அதையும் அவளே சொல்லி வைத்திருந்தாள். யாரிடமும் ரகசியமாக இல்லை, ரேடியோவில்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் 'நாற்காலிப் பேச்சு' என்ற அவளுடைய ரேடியோ நிகழ்ச்சி. அடுப்படியில் பேக்கரி தொடங்கி இப்போது ஊர் முழுக்க ரொட்டி வண்டி விடுகிறவள், நூலகத்தில் கதை சொல்கிறவர், காலி மனைகளில் கீரை போட்டுத் தெருவுக்கே கொடுக்கிறவள் என்று நம் சனத்தில் யாராவது ஒருவர் கடை நாற்காலியில் வந்து உட்காருவார்கள். வெர்னீஸ் அவர்கள் தலையில் வேலை செய்தபடியே கேள்வி கேட்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சரி, உங்க சனம் யாரு?"

"மூஞ்சியப் பாத்துப் பேசினா எல்லாரும் சர்ச்சுக்குப் போட்டுப் போற உடுப்போட பேசுவாங்க," என்பாள் அவள். "தலையில கை வெச்சுப் பாரு. வீட்டுத் துணிக்கு வந்துடுவாங்க."

ஜோரீன் மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்வாள். தொழில் கற்று லைசென்சும் வாங்கியவள்தான். ஆனாலும் அவளுக்கு அந்த மூலை போதும். ராத்திரி உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களை எல்லாம் வெட்டி எறிவாள். அதில்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை.

"ஏன் அத வெட்டினே? அவ புருஷன நெனச்சுக்கிட்ட எடம் அது."

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நெனப்பாங்கம்மா."

"நெனக்கட்டுமே."

அம்மாவிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஹெட்போனில் சத்தம் நின்றால் ஜோரீனுக்கு, அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டது போல இருக்கும்.

இறந்தவர்களை அலங்கரித்து அடக்கத்துக்கு அனுப்பும் இந்த நிலையத்தை நடத்தும் கெய்தரும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். தலையில் ஒரு முடி கிடையாது. வெர்னீஸ் விடவில்லை, எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "உசிரோட இருக்கறப்ப வெள்ளைக்காரங்க நம்மளப் பின்வாசல் வழியா வான்னாங்க. செத்தப்புறமும் பின்வாசல்தான். அதான் எங்க தாத்தா நமக்குன்னு ஒரு முன்வாசல் கட்டினார்," என்றார் அவர்.

"முன்வாசல் சரி. பின்னந்தலைய வாருறீங்களா?"

கெய்தர் சிரித்துவிட்டார். "பெட்டியில தலையணையில அமுங்கிப் போறதுதானே, மிஸ் வெர்னீஸ். முன்பக்கத்தோட விட்டுடுவோம்."

"அரைத்தலையோட அனுப்பறீங்களா ஆண்டவர்கிட்ட? அவர் முன்னால மட்டுமா பாப்பார்? ஊரே கேட்டுக்கோ. என் பின்னந்தலைய விட்டுட்டுப் பொதச்சா எழுந்து வருவேன். என் தலைய ஜோரீனத் தவிர எவ தொட்டாலும் அவ வீட்டுக் கூரைய இழுப்பேன்!"

அன்றைக்கு மூலையில் ஜோரீனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நேற்று, தனக்குப் பதிலாக வந்து வாரச் சொல்லி, ஊரிலுள்ள முடிக்கடைக்காரிகளை எல்லாம் போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருத்தியும் மசியவில்லை. "உங்கம்மா சொன்னத என் காதால கேட்டேன் கண்ணு. எனக்குக் கூரை வேணும்," என்றாள் ஒருத்தி. "சாவுச் சாப்பாட்டுக்கு மீனும் ஸ்பகெட்டியும் கொண்டுவந்து தரேன், தட்டு தட்டா. தலைய மட்டும் கேக்காத," என்றாள் இன்னொருத்தி.

பையை ஜோரீன் கை மாற்றிக்கொண்டாள். சீப்புகள் மணியடித்தன. பெஞ்சிலிருந்த செல்மாவுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

"அந்தச் சத்தம் இருக்கே! சனிக்கிழமை ஆனா எங்கம்மா சீப்ப அடுப்புல போடுவா. நான் மேசைக்கு அடியில போயிடுவேன். சூடு படாம காத மடக்கிப் பிடிச்சுக்கணும். என் காத நானே பிடிச்சுக்க மாட்டேன், அவ்வளவு பயம். வெர்னீஸ்தான் வந்து பிடிப்பா. பட்டா அவ வெரல்லதான் படும்." உடுப்பின் உறையை நீவினாள். "கழுத, ஒரு தடவையாவது கத்தியிருப்பாளா?"

கதவு உள்ளிருந்தே திறந்தது. கெய்தர் கறுப்புக் கோட்டில், பளபளக்கும் தலையோடு நின்றார்.

"வாங்க மிஸ் ஜோரீன். சாயங்காலம் ஊர் பாக்க வந்துடும்."

நீங்களும் பயப்படாமல் அவளோடு வாருங்கள். அந்த அறையில் பயங்கரமாக ஒன்றும் இல்லை. அதுதான் ஜோரீனைப் பயமுறுத்தியது. சுத்தமான அறை, குளிர்ந்த வெளிச்சம், கழுத்துவரை வெள்ளைத் துணி. அம்மாவின் வாய் மூடியிருந்தது. தூக்கத்தில்கூட அது இப்படி மூடி அவள் பார்த்ததில்லை. அலசிவிட்ட முடி நரையும் கறுப்புமாகச் சுருண்டு, யார் கைக்கோ காத்திருப்பது போல் இருந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் கெய்தர், குரலைத் தாழ்த்தி. "தோல் இப்ப மெழுகு மாதிரி. சூடு பட்டா அப்படியே நின்னுடும். எந்தப் பூச்சாலயும் என்னால மறைக்க முடியாது."

ஜோரீன் அடுப்பைச் செருகினாள். சீப்பு காய்ந்ததும் துண்டில் வைத்துப் பார்த்தாள். துண்டு பழுப்பாகத் தீய்ந்தது. ஊதினாள், மறுபடி வைத்தாள். இந்த முறை கறை இல்லை. இனி தலையில் வைக்க வேண்டியதுதான். மணிக்கட்டை இடுப்பில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். துணிந்து எடுத்தபோது சீப்பு ஆறிவிட்டிருந்தது. திரும்பவும் அடுப்பில் வைத்தாள்.

நெற்றிப்பக்கம் தொடங்கினாள். எண்ணெய் சீறியது. புகை எழுந்து, கடையின் மணம், சனிக்கிழமைகளின் மணம் அறை முழுக்க நிறைந்தது. உயிருள்ள தலை சூடு நெருங்கும்போதே சொல்லிவிடும். தோள் ஏறும், மூச்சு நிற்கும், 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். கை அதைக் கேட்டுத்தான் வேலை செய்யும். இந்தத் தலை ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நெருங்கினாலும் சொல்லாது. ஜோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கற்றையாக இழுத்தாள். எத்தனை குரல்களைக் கேட்டுப் பழகிய காது அவளுடையது! இப்போது அதற்குக் கிடைத்ததெல்லாம் அடுப்பின் மெல்லிய முனகல்தான்.

முன்பக்கம் முடிந்தது. நன்றாகவே வந்திருந்தது.

"போதும் மிஸ் ஜோரீன்," என்றார் கெய்தர். "அழகா இருக்காங்க."

போதும் என்று சீப்பைக் கீழே வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஜோரீன் துண்டை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தலையக் கொஞ்சம் தூக்கி வெக்க முடியுமா?"

கெய்தர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அவருக்கும் அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோட்டைக் கழற்றிவிட்டு, தோளுக்கு அடியில் உயரக் கட்டையை நகர்த்தினார். வாசலில் பூ வண்டி ஹாரன் அடித்தது. "இதோ வந்துடறேன்" என்று வெளியே போனார்.

கதவைச் சாத்தாமலே போனார்.

ஜோரீன் இடது கையை அம்மாவின் கன்னத்துக்கு அடியில் கொடுத்துத் தலையைச் சரித்தாள். கனம்! ஒரு தலை இவ்வளவு கனக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உள்ளங்கையில் அது குளிர்ந்து இறங்கி, கையை விட்டால் போய்விடும் என்பது போலக் கிடந்தது. பிடரியில் முடி சின்னச் சின்ன மணிகளாகச் சுருண்டிருந்தது. கடையில் இதைத்தான் அம்மா முதலில் எடுப்பாள்.

வலது கையில் சீப்பு. காதை ஒட்டிக் கொண்டுபோனாள். அப்போது, எந்த யோசனையும் இல்லாமல், எங்கள் பெண்பிள்ளைகள் பேச்சு வராத வயதிலேயே கேட்டுப் பழகியது அவள் வாயில் வந்துவிட்டது.

"காதப் பிடிச்சுக்கோம்மா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. துணிக்கு அடியில் எந்தக் கையும் அசையவில்லை. ஒரு கையில் தலை, ஒரு கையில் சூடு. இரண்டில் எதையும் விட முடியாது. சீப்பு நுனி ஆடியது. காதுக்கு மேல் புகை ஒரு நூலாக நின்றது. அறையில் சத்தம் இல்லை. வெட்டி எறிய முடியாத மௌனம்.

பெஞ்சு கிறீச்சிட்டது. உறை சரசரவென்று எங்கோ விழுந்தது. செருப்புச் சத்தம் வாசற்படி வரை வந்து நின்றது; வெகுநேரம் நின்றது; பிறகு உள்ளே வந்தது.

ஜோரீன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு கை மட்டும் வந்தது. நரம்பு புடைத்து, மோதிரம் இறுகிய கை. இரண்டு விரல்கள் வெர்னீஸின் காது மடலைத் தொட்டன, எடுத்தன, மறுபடி தொட்டு, மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டன.

செல்மா கண்ணை இறுக்க மூடியிருந்தாள். "ம்," என்றாள்.

ஜோரீன் சீப்பை வேர்வரை கொண்டுபோய் இழுத்தாள். எண்ணெய் சீறியது. ஒரு கற்றை, அடுத்த கற்றை. சீப்பின் முதுகு அந்த விரல்களை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. வெளியே கார்களின் கதவுகள் சாத்தப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது.

சூடு பட்டதா என்று அவள் கேட்கவில்லை. விரல்கள் நகரவில்லை.