சென் ஓர்லூவில் விழுந்த பிள்ளை

சென் ஓர்லூ கிராமத்துக்கு நான் போனதே இல்லை. ஆனால் அங்குள்ள தேவாலயத்தின் மணிக்கூண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இடப்பக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. அங்கிருந்து இறங்கினால் ஐந்து வளைவுகள் வைத்த கற்பாலம். பாலத்தடியில், அந்தக் காலத்துப் பெண்கள் முழங்காலில் நின்று உடுப்புத் தோய்த்த கல்தொட்டி. அதைத் தாண்டினால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று கிலோமீற்றர் நடைபாதை, முடிவில் இடிந்த கோட்டை. மொன்ட்ரியாலுக்கு வந்து மூன்று வருடமாகிறது. இங்கே நகரத்துக்கு நடுவில் நிற்கிற மலைக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டால் முழிப்பேன். பிரான்சில் ஒரு பட்டிக்காட்டுக்கு மட்டும் நான் வழிகாட்டி.

எல்லாம் அஜந்தா ரீச்சரின் வேலை. பாரிசில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவள், என்னைவிட ஆறு வயது இளையவள். வில்லரேயில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஞாயிறு பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறாள். வாய்ப் பரீட்சையில் “நீங்கள் போன ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கட்டாயம் கேட்பார்களாம். அதற்காக ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பயணத்தைத் தானே எழுதி, போட்டோக்கொப்பி அடித்து எல்லாருக்கும் தந்தாள். பாடம் இப்படிப் போகும்: போன கோடையில் நானும் கணவரும் மகளும் சென் ஓர்லூவுக்குப் போனோம். கல்தொட்டியடியில் மழை பிடித்தது. கோட்டை வாசலில் மகள் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். ஆனாலும் அது ஓர் அழகான நாள்.

“அப்பிடியே ஒப்புவியுங்கோ செலீன் அக்கா. யோசிக்க வெளிக்கிட்டால் பிழைதான் வரும்,” என்றாள்.

நாங்கள் ரியூசனில் வளர்ந்த சனம். பசுவைப் பற்றிப் பாடமாக்கிக்கொண்டு போனவன், தென்னைமரத்தைப் பற்றிக் கேட்டதும் பசுவைக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டிய கதை எங்களுக்குப் பகிடி அல்ல. அதுதான் எங்கள் வழிமுறை.

ஒருமுறை ஏற்கெனவே பெயில். இரண்டாம் முறையும் விட்டால் எனக்கு வழியில்லை. மொன்ட்ரியால்-நோரில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அந்த வேலை அனுமதி நவம்பரில் முடிகிறது. பரீட்சை பாஸ் இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். அதோடு சேர்த்துத்தான் ஜென்சியைக் கூப்பிட எழுதலாம். ஜென்சி என் மகள், எட்டு வயது. மன்னாரில் கன்னியர் மடத்து விடுதியில் இருக்கிறாள். அவளுடைய தகப்பன் எனக்குச் செய்ததை எல்லாம் சொல்லப் போவதில்லை. எனக்கு வலது காது கேட்காது, அது போதும். அந்த மனிதன் இப்போது கத்தாரிலிருந்து திரும்பிவிட்டான். மார்கழி விடுமுறைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறேன் என்று மடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

“பெத்த தகப்பன் வந்து கேட்டால் நான் என்னத்தைச் சொல்லி மறிக்கிறது?” என்று விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் தொலைபேசியில் கேட்டார். “பிள்ளையைக் கூப்பிடுறதா கனடாவிலை இருந்து ஒரு கடிதம் வரட்டும், செலீன். அதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்.”

ஆகவே நான் சென் ஓர்லூவுக்கு நடந்தேன். ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். மெற்றோவில் நின்றபடி திராட்சைத் தோட்டத்தில் ஏறினேன். முதற்கிழமை அந்தப் பாடத்தில் வந்த மகளுக்கு முகமே இல்லை. மூன்றாம் கிழமை ஜென்சியின் முகம் வந்துவிட்டது. கல்தொட்டி விளிம்பில் அவளை இருத்திச் சப்பாத்துக் கழற்றினேன். ஏற்றத்தில் அவள் களைத்தபோது முதுகில் தூக்கினேன். பாடத்தில் இருந்த கணவரை மட்டும் பாலத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு நாலு தடவையாவது பிள்ளையோடு கோட்டைக்குப் போய் வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மூன்று வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அங்கே மட்டும்தான்.

பரீட்சை செப்ரெம்பர் கடைசியில், காலை பத்து மணிக்கு. சின்ன அறை, மேசைக்கு அப்பால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கேட்கிற காது அவர் பக்கம் இருக்கும்படி கதிரையைத் திருப்பிப் போட்டேன். நலமா, எங்கே வேலை என்றெல்லாம் கேட்டுவிட்டு, “ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். மடு மாதாவே, கேட்டேவிட்டார்.

மணிக்கூண்டைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன். தண்ணி பட்ட பாடாக வந்தது. கல்தொட்டியில் மழை தொடங்கியதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மடாம், இந்த மாதம் மட்டும் நாலு பேர் சென் ஓர்லூவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் அந்த இடத்தில்தான் மழை. நாலு பேருடைய மகளும் கோட்டை வாசலில் விழுந்தாள். உங்களுடைய மகளுமா?”

அவர் சொன்ன பிரெஞ்சு முழுவதும் எனக்கு விளங்கியது. விளங்காமல் போயிருந்தால் பரவாயில்லை. பாடத்தின் கடைசி வரியையாவது சொல்லி முடிக்கலாம் என்று “ஆனாலும் அது ஓர் அழகான நாள்” என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

“அந்தக் கிராமம் வேண்டாம். உங்களுக்கு உண்மையாகவே மகள் இருக்கிறாளா?”

“இருக்கிறாள்.”

“எங்கே?”

பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. அஜந்தா எழுதித் தரவில்லை. மார்கழியில் மடத்து வாசலில் அந்த மனிதன் நிற்பது மட்டும் கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு பிரெஞ்சு. துணி மடிக்கிற மேசையில் எனக்கு எதிரே நிற்கும் ஹெயிட்டிக்காரி மரி-லூர்த், மூன்று வருடமாக எட்டு மணி நேரமும் ஓயாமல் பேசுவாளே, அந்தப் பிரெஞ்சு. அதை நான் ஒரு பிரெஞ்சாகக் கணக்கெடுத்ததே இல்லை.

“மகள் என்னோடு இல்லை. தூரம். அவள் விழுந்தது உண்மை. ஆனால் கோட்டையில் இல்லை, பள்ளிக்கூட முற்றத்தில். இடது முழங்கால். நான் தொலைபேசியில் பார்த்தேன். இரத்தம். ஊதிவிடு அம்மா என்று முழங்காலைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். நான் ஊதினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், அம்மா, காற்று வரவில்லை என்று.”

அதற்கு மேலும் சொன்னேன். காது, கத்தார், மார்கழி, எல்லாம். எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. அழுதுகொண்டே இலக்கணம் பார்க்க எனக்குத் தெரியாது.

அவர் எதையோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேரம் முடிந்தது என்று நான் எழும்பியபோது, “முழங்கால் ஆறிவிட்டதா?” என்று கேட்டார்.

“ஆறியிருக்கும். நான் தொட்டுப் பார்க்கவில்லை.”

பதினெட்டு நாட்கள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பத்தொன்பதாம் நாள் பெறுபேறு வந்தது. பாஸ். அன்றைக்கே அனுமதிக்கும் ஜென்சிக்கும் விண்ணப்பம் போட்டு, பிரதியைச் சிஸ்டருக்கு அனுப்பினேன். மார்கழிக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது. அஜந்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, சந்தோஷத்தில் என்ன சொன்னேன் என்பதை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். புத்தி எங்கே போனது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். படியில் இறங்கும்போதே கேட்டது. ஆறு பேர், ஆறு குரல், ஒரே வசனம். அம்மா, காற்று வரவில்லை. அம்மா, காற்று வரவில்லை. எல்லார் கையிலும் சூடு ஆறாத போட்டோக்கொப்பி.

கேக்கைக் கீழே வைத்துவிட்டு, கிட்ட இருந்தவரின் கையிலிருந்து தாளைப் பறித்தேன். ஞானேந்திரன் அண்ணை. ஐம்பத்து நாலு வயது, பேக்கரியில் வேலை, மூன்று முறை பெயில்.

“என்னடி இது, அஜந்தா?”

“சென் ஓர்லூ பிடிபட்டுப் போச்சு, அக்கா. இது பாஸான பாடம். நான் வேறை என்னத்தைக் குடுக்கிறது?”

“இது பாடம் இல்லை, என்ர பிள்ளை. பரீட்சை எடுக்கிற அந்த மனிசி என்ன விசரியே? இதையும் நாலாவது ஆளோடை பிடிச்சிடுவா. ஒவ்வொருத்தரும் தங்கட தங்கட கதையைச் சொல்லுங்கோ.”

அஜந்தா மேசையில் இருந்த பேனையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி,” என்றார் ஞானேந்திரன் அண்ணை. “என்ர பிள்ளையள் ரெண்டும் சண்டைக்குள்ளை செல்லடியிலை செத்துப் போனதுகள். அதைச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குப் பிரெஞ்சும் வராது, தமிழும் வராது. முதல் ரெண்டு தரமும் அதிலைதான் தடக்கி நிண்டனான். மூண்டாந்தரம் சென் ஓர்லூ, பிடிபட்டுப் போனன். வாற செவ்வாய் எனக்குத் திரும்பப் பரீட்சை. நான் முதலாவது ஆளாப் போறன். உம்மட பிள்ளையை ஒரு பத்து நிமிசத்துக்குத் தாரும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாத கோபம். தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

அவர் தொடங்கினார். மகள் என்னோடு இல்லை. தூரம். பள்ளிக்கூட முற்றத்தில் விழுந்தாள். வலது முழங்கால்.

“இடது, அண்ணை,” என்றேன். “இடது முழங்கால்.”

தாளில் திருத்தி எழுதினார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். ஊதுகிற இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“அதிலை சும்மா சொல்லாதேங்கோ. ஊதிக் காட்டுங்கோ,” என்றேன்.

அவர் தாளை மடியில் வைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத இடத்தில் குனிந்து, மெதுவாக ஊதினார்.