வாயை மூடிக்கொள்ளும் பயிற்சி

எனக்கு வாய் அதிகம். இது பிறந்து வளர்ந்த மண்ணூருக்கும் தெரியும், சுங்குவார்சத்திரம் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கும் தெரியும். அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு லைனில் வேலை பழக்குவது பதினோரு வருடமாக என் உத்தியோகம். அதனால்தான் ஷிஃப்ட் நண்பர்கள் ஏழு பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டலாம் என்று கிளம்பியபோது, "பயிற்சியை என்கிட்ட வுட்டுடுங்க" என்று நானாகவே முன்னால் போய் நின்றேன்.

எங்கள் பிள்ளைகள் ரோட்டில் போகிற பஸ்ஸின் கலரைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். ஏரியில் நிற்கிற அத்தனையும் அவர்களுக்குக் கொக்குதான். எனக்கு அது பொறுக்கவில்லை.

பயிற்சியை மளமளவென்று தயாரித்தேன். நான்கு வாரம் அந்த ஏழு பேருக்கும் சமுதாயக்கூடத்தில் வகுப்பு. அறுபத்து நான்கு ஸ்லைடு. கடைசியில் பரீட்சை. எண்பது மார்க் வாங்கினால்தான் பேட்ஜ். ஐந்து வருடத்துக்கு முன் திருச்செந்தூர் பக்கமிருந்து வந்து என்னிடம் வேலை பழகிய வேல்ராஜ், இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினான். டில்லிபாபு தொண்ணூற்றாறு. அவனை எல்லோர் முன்னாலும் கைதட்டிப் பாராட்டினேன்.

முதல் நடைக்குத் தலைமையாசிரியை அமலா டீச்சர் ஆறாம் வகுப்பில் இருபது பேரை அழைத்து வந்தார். டில்லிபாபு கையில் தாளும் பேனாவும். "இது நாமக்கோழி. பாத்துட்டீங்களா? டிக். வா வா, அடுத்தது." உற்பத்தி டார்கெட்டைத் துரத்துகிற மாதிரி பிள்ளைகளை விரட்டிக்கொண்டு போனான். மற்றவர்கள் என் ஸ்லைடுகளை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். பிள்ளைகள் கரையில் படுத்திருந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பது நிமிஷத்துல இருவத்திரண்டு பறவை காட்டிட்டோம்க்கா!" என்று டில்லிபாபு என்னிடம் ஓடிவந்தான்.

அமலா டீச்சர் குடையை மடக்கினார். "ரஞ்சனி, இதையேதான் நான் கிளாஸ்ல ஃபேன் போட்டுச் செய்யறேன். வெயில்ல எதுக்கு? அடுத்த மாசம் இன்னொரு தடவை வந்து பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா வுட்டுடலாம்மா."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்று எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றபோது வேல்ராஜ் மெதுவாக ஆரம்பித்தான்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"கோவப்படுவேன். சொல்லு."

"நான் லைனுக்கு வந்தப்ப எனக்கு எத்தன ஸ்லைடு போட்டீய?"

"ஒண்ணும் போடல."

"செல்வியக்கா பக்கத்துல ரெண்டு நாள் சும்மா நின்னு பாக்கச் சொன்னீய. பெறவு நான் செய்ய, நீங்க பின்னால நின்னு பாத்தீய. தப்புப் பண்ணப்பக்கூட ஒடனே சொல்லல. நானே கண்டுபிடிக்கட்டும்னு காத்துக் கெடந்தீய. ஏரிக்கு வந்ததும் ஏம்க்கா வாத்தியார் ஆயிட்டீய?"

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம். ஸ்க்ரூ முடுக்கப் பழக்கும்போது இருக்கிற புத்தி, பறவை என்றதும் எங்கே போய்த் தொலைந்தது? இயற்கை என்றால் பாடம், பாடம் என்றால் ஒப்பிக்க வேண்டியது என்று எனக்குள் எப்படியோ படிந்து கிடந்திருக்கிறது. நான் பரீட்சையில் இரண்டு தடவை உட்கார வைத்தவன் என் வேலையை எனக்கே ஞாபகப்படுத்தினான். வெட்கமாக இருந்தது. "இன்னொரு டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து மன்னிப்பு அப்படித்தான் வரும்.

ஸ்லைடுகளை மூட்டை கட்டினேன். அடுத்த மூன்று ஞாயிறும் விடிந்ததும் ஏரிக்கரையில் கூடினோம். ஒருவர் வழிகாட்டியாகவும் மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாகவும் நடிக்க வேண்டும். பிள்ளை கேள்வி கேட்டால் வழிகாட்டி உடனே பதில் சொல்லக் கூடாது. பார்க்க வைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பின்னால் நின்று கவனிப்பவர் வாயைத் திறந்தால், கரையில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்க வேண்டும். முதல் வாரம் நான் மட்டும் இரண்டு சாக்கு பொறுக்கினேன். டில்லிபாபு குறும்புக்காரப் பிள்ளையாக வெளுத்துக் கட்டினான். "சார், அதுக்கு ஏன் சார் காலு பச்சையா கீது?" என்று ஒரு பறவையைக் காட்டி அவன் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அரை மணி நேரம் அந்தப் பச்சைக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நடை. அமலா டீச்சர் என் பக்கத்தில் நின்றார். வேல்ராஜ் கூட்டிப்போன பிள்ளைகளில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி கையை நீட்டினாள். பட்டுப்போன கருவேல மரத்தில் நீர்க்காகம் ஒன்று இறக்கைகளை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, அது ஏன் அப்படி உக்காந்துனு கீது?"

"எனக்கும் தெரியலியே. கொஞ்ச நேரம் பாப்பமா?" என்றான் வேல்ராஜ்.

பொய்! அவனுக்குத் தெரியும், ஸ்லைடில் இருந்தது. இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டானோ? என் நாக்கு துறுதுறுத்தது. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்களேன், பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் டீச்சர் என் காதோரம்.

"தெரியும் டீச்சர். சொல்ல மாட்டேன்."

பயமுறுத்துது என்றான் ஒருவன். காத்து வாங்குது என்றான் இன்னொருவன். சண்டை வந்தது. பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நாய் கூட வந்தது, யாரும் திரும்பவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வேறொரு நீர்க்காகம் எழும்பி வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரித்தது. அதற்குள் முதலாவது தன் இறக்கையை மடக்கிக்கொண்டிருந்தது.

ரெட்டைச் சடைக்காரி எழுந்தே விட்டாள். "முழுகிட்டு வந்ததுதான் விரிக்குது! முன்னாடியே உக்காந்துனு இருக்கறது மடக்கிக்கிச்சு. துணி காயப்போடற மாதிரி காயவெக்குது!"

பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. பார்த்தது ஒரே வகைப் பறவை. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "ஏழாம் வகுப்பையும் அனுப்பறேன்" என்றார், கண்ணை மரத்திலிருந்து எடுக்காமலே. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் தனியாகப் போய் நின்றேன்.

கிளம்பும்போது அந்த ரெட்டைச் சடைக்காரி என்னிடம் வந்தாள். இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றவளைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, உனுக்கு பறவ பத்தி ஒண்ணும் தெரியாதா? பரவால்ல. அடுத்த வாரம் என்கூட வா, நான் காட்டறேன்."

"சரிம்மா, வர்றேன்" என்றேன்.