தலைவன் இல்லாத கணக்கு

ஆண்டிச்சாமி, செத்துக் கிடந்த தன் தம்பியின் கட்டைவிரல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிவிட்டுச் சொந்தக்காரப் பெரியம்மா ஒருத்தி எழுந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தம்பி முத்துக்கிருஷ்ணன் மாலையோடு பெஞ்சில் கிடந்தான். காலை ஏழு மணிக்கு வத்தலக்குண்டு ரோட்டுக் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டான். நாற்பத்தொன்பது வயசு. இதெல்லாம் ஒரு சாவா?

"என்ன மாமா பண்றீக?" என்றாள் அவன் பெண்டாட்டி புவனேஸ்வரி.

"ஒன்னுமில்லம்மா. இவன் போன தொறக்கணும்ல. ரேகை வச்சாத் தொறக்குமாம், அழகுராஜா சொல்றான்."

அவர் மகன் அழகுராஜா போனை நீட்டிப் பிடிக்க, ஆண்டிச்சாமி செத்துப்போன விரலை அதில் வைத்து அழுத்தினார். போன் ஒரு உதறு உதறியது, திறக்கவில்லை. விரலைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் உதறியது. மூன்றாம் தடவை வாயால் ஊதிச் சூடாக்கிப் பார்த்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வாயை மூடினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஹரிணி, "பெரியப்பா, அப்பாவ விடுங்க பெரியப்பா" என்று கத்தினாள்.

புவனேஸ்வரி எழுந்தாள். போய் அந்தக் கையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை, ஆனாலும் விரல் சில்லிட்டிருந்தது.

அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். முத்துக்கிருஷ்ணன்தான் கல்யாண வீடு, காதுகுத்து என்று ஒரு இடம் விடாமல் பேசியிருந்தானே. எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பைனான்ஸ்காரன் ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினபோது, அதில் புவனேஸ்வரியின் ஆறு பவுன் சங்கிலியும் போயிற்று. மனுக் கொடுக்க நாயாய் அலைந்தான். அப்புறம்தான் போனிலேயே வாங்கி வைக்கிற இந்த பிட்காயின். "இதுல மொதலாளி கெடையாது, தலைவன் கெடையாது, எவன் கையெழுத்தும் வேணாம். பன்னெண்டு இங்கிலீசு வார்த்தை, அதான் சாவி. அது எவன்ட்ட இருக்கோ அவந்தான் சொந்தக்காரன். தொலைச்சா சாமியே வந்தாலும் எடுக்க முடியாது" என்பான். விலை பாதியாக விழுந்து எல்லாரும் கேலி பண்ணினபோதும் அவன் அசரவில்லை. நத்தத்திலிருந்து ரிப்பேருக்கு மோட்டார் கொண்டுவரும் கிறிஸ்துராஜ், "அண்ணே, என்னோட பிட்காயினையும் நீங்களே பாத்துக்கங்க" என்றதற்கு, "ஒஞ் சாவிய ஒங் கையில வச்சுக்கடா, முட்டாப்பயலே" என்று விரட்டியவன்.

அம்புட்டும் சரி. ஆனால் மாசாமாசம் நூல் மில்லில் நின்று, பஞ்சுத் தூசியைத் தின்று புவனேஸ்வரி கொண்டுவந்த சம்பளத்திலும் ரெண்டாயிரம் அதற்குள்தான் போனது. போன தீபாவளிக்கு அவள் கேட்டாள், "எனக்காவது அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதா?" சட்டையில் பித்தான் போட்டபடியே சொன்னான், "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது சாவி இல்ல புவனா." அப்புறம் அவள் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் தலைவன் வேண்டாம் என்றவன் வீட்டுக்குள் தலைவனாக இருந்துகொண்டான். அட பாவி மனுசா, இதைக் கேட்டுச் சண்டை போடக்கூட இப்போது நீ இல்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் பக்கம் நின்ற ஆம்பளைகளுக்கும் கேட்கிற மாதிரி, "பத்துப் பேரு முன்னாடி கேக்குறேன். அந்தப் பன்னெண்டு வார்த்தைய ஒங்கிட்டச் சொல்லியிருக்கானா, இல்லையா?" என்றார்.

புவனேஸ்வரிக்கு அந்தக் கேள்விக்குள் இருந்த கண்ணி தெரிந்தது. இல்லை என்றால், இருபத்திரண்டு வருசம் கூடக் குடித்தனம் நடத்தியவளை அவன் நம்பவில்லை என்று ஊரே பேசும். நம்பாத பொண்டாட்டிக்கு எதற்குக் கடைச் சாவி? மூத்தவர் பொறுப்பு என்று போன், கடை, அவள் மில் சம்பளம் எல்லாவற்றையும் இவரே எடுத்துக்கொள்வார். அப்புறம் ஹரிணி காலேஜுக்குப் போகவும் இவர் கையைப் பார்க்க வேண்டியதுதான்.

"சொல்லியிருக்காக" என்றாள்.

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஹரிணி சடாரென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும்."

"அப்பச் சொல்லு. அழகுராஜா எழுதிக்கிருவான். வீட்டுக்கு மூத்தவன் நானு, எங்கிட்ட இருந்தாப் பத்திரமா இருக்கும்."

"இதுல மூத்தவுக எளையவுகன்னு கெடையாது மாமா. ஒங்க தம்பி ஊரெல்லாம் சொன்னாகளே, நீங்க கேட்டதில்லையா?"

"ஏம்மா, எழவு வீட்ல எதுத்தா பேசுற? நாளைக்கு எம்மகன்தான் கொள்ளிச்சட்டி தூக்கணும், மறந்துராத!"

"தூக்கட்டும். சித்தப்பனுக்குச் செய்யட்டும். இல்லைன்னாச் சொல்லுங்க, எம்மக தூக்குவா. அந்த வார்த்தை எந் தலைக்குள்ள இருக்கு. என் தலையக் கழட்டித்தான் எடுக்கணும்."

வாசலில் யாரோ இருமினார்கள். "விடுப்பா ஆண்டிச்சாமி, பெறகு பேசிக்கலாம்" என்றது ஒரு கிழட்டுக் குரல். அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டு போனைச் சித்தியின் பக்கத்தில் வைத்தான். புவனேஸ்வரி துணியை எடுத்து, விரல்களைச் சேர்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழ மூன்று தடவை ஆயிற்று.

மறுநாள் பத்து மணிக்கு எடுத்தார்கள். கொள்ளிச்சட்டியை அழகுராஜாவே தூக்கினான். கொட்டுச் சத்தம் ரயில்வே கேட்டைத் தாண்டித் தேய்ந்ததும், பொம்பளைகள் வீடு கழுவ எழுந்தார்கள். பெஞ்சு கிடந்த இடத்தில் நசுங்கின ரோஜாவும் நெல்லும் சிதறிக் கிடந்தன. புவனேஸ்வரி குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கி வந்தாள். ஆண்டிச்சாமி பெண்டாட்டி ஒச்சம்மாள் விளக்குமாற்றோடு எதிரே வந்து நின்றாள். இந்த ஓரகத்தி, புருசன் முன்னால் சத்தமாக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏ புவனா" என்றாள் மெதுவாக. "தம்பி நெசமாவே ஒங்கிட்டச் சொல்லுச்சா?"

புவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அக்காவிடம் சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிடலாம் போல இருந்தது.

ஒச்சம்மாள் சட்டென்று கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"வேணாம். எங்கிட்டச் சொல்லாத. அவுக ராத்திரி எங்கிட்டக் கேப்பாக. எனக்குத் தெரியாம இருக்கணும்ல."

கையை எடுத்துவிட்டு விளக்குமாற்றைத் தரையில் ஊன்றினாள். "ம், ஊத்து" என்றாள். புவனேஸ்வரி வாளியைச் சாய்த்தாள்.