தப்பான பதிலுக்கு நிற்கும் பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘பிசினாறி’. கஞ்சப்பிசினாறி என்று முழுசாகக் கூப்பிட்டால் நீளமாக இருக்கிறது என்று முதல் பாதியை வெட்டிவிட்டார்கள். அப்படி வெட்டவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று கேலி வேறு. அவள் வேலை அப்படி. கையடக்கக் கருவிக்குள் இருக்கும் சில்லு, அதாவது சிப், எப்போது வேகமாக ஓட வேண்டும், எப்போது மெதுவாக ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு வோல்டேஜ் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் நிரலை எழுதுகிறவள். அந்த நிரலுக்குத் தொழிலில் ‘கவர்னர்’ என்று பெயர். மாளிகை, கார், கொடி ஒன்றும் கிடையாது. விநாடிக்கு நூறு தடவை ‘வேலை இருக்கா, வேலை இருக்கா’ என்று எட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கவர்னரின் பிழைப்பு. வேலை வந்தால் வேகத்தையும் வோல்டேஜையும் கூட்டும். வேலை இல்லாவிட்டால் இரண்டையும் குறைக்கும். குறைத்ததெல்லாம் பேட்டரியில் மிச்சம். மிச்சம் பிடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

கம்பெனி இப்போது செய்வது பேசும் பெட்டி. குரல் போனவர்கள் திரையில் எழுத்தைத் தட்டலாம், அல்லது முன்பே எழுதி வைத்த பொத்தானை அமுக்கலாம். பெட்டி அதை வாய்விட்டுச் சொல்லும். சோதித்துப் பார்க்க வெளியே கொடுத்த இருபது பேரில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா. அக்கா ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. இப்போது விடுப்பு முடிகிறது. செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை வகுப்பில் வந்து உட்காருவார். பெட்டியை வைத்துப் பாடம் நடத்த முடிந்தால் வகுப்பு. முடியாவிட்டால் அலுவலக அறையில் கோப்பு அடுக்கும் வேலை.

“கோப்பு அடுக்கறதுக்கு நான் ஆபரேஷன் டேபிள்லயே போயிருக்கலாம்” என்று அக்கா தட்டினாள். பெட்டிக்குக் கோபப்படத் தெரியாது. மணி என்ன என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னது.

தொல்லை என்னவென்றால், பெட்டி நடுநடுவே நின்றுவிடும். திரை அப்படியே உறைந்து போகும், அணைத்துப் போட வேண்டும். ஒரு வாரத்தில் ஆறு தடவை. பிசினாறி அதை லேபுக்கு எடுத்துப் போனாள். இரண்டு நாள், இடைவெளி விடாமல் பெட்டியைப் பேச வைத்தாள். தொண்டை வறண்டு போகும் அளவுக்கு அது பேசியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. தலைகீழாக நின்று பார்த்தும் பிழை கிடைக்கவில்லை. அப்புறம் என்ன, இருக்கவே இருக்கிறார் பெட்டியின் மின்பலகையை வடிவமைத்தவர். மூன்று வாரம் அவரைக் கரித்துக் கொட்டினாள். அக்காவிடம் வேறு, “ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அமுக்கற. பதட்டப்படாதேக்கா” என்று சொல்லி வைத்தாள்.

அக்கா அதை நம்பினாள். தங்கச்சி படித்தவள், பெட்டியையே செய்கிறவள், பொய்யா சொல்வாள்? சாப்பாட்டு மேசை விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்து, ஒரே தடவை, ஒரே தடவை என்று அமுக்கிப் பழகினாள்.

பெட்டி நிற்பதை அக்காவே பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததால், இதற்குள் அங்கிருந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் போயிருந்தது: கருவி ஏன் நிற்கிறது, எழுத்தில் தெரிவிக்கவும். அதற்குப் பதில் எழுதியதும் பிசினாறிதான். ‘கருவியில் பிழை இல்லை. பயன்படுத்துபவர் பொத்தான்களை முறையாக அழுத்துவதில்லை.’ கீழே கையெழுத்து. இரண்டு நிமிஷ வேலை. எழுதியதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டில் ஒத்திகை. அக்கா சுவரில் சாய்த்த பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். எதிரே நாற்காலியில் ஐந்தாம் வகுப்பு மாணவியாகத் தங்கை.

“பாதியில பாதி எவ்வளவு?” பெட்டி கேட்டது.

“கால்.”

அக்கா பச்சைப் பொத்தானை அமுக்கினாள். “சரி” என்றது பெட்டி. அடுத்த கேள்வி. சரி. அடுத்ததும் சரி. பெட்டி ஜம்மென்று ஓடியது.

“ஏழில் மூணு பெருசா, அஞ்சில் ரெண்டு பெருசா?”

கேட்டுவிட்டு அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது அவள் வழக்கம். வகுப்பில் மந்தமான பிள்ளையும் யோசித்து முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டாள். வாய் இருந்த காலத்திலேயே அப்படித்தான். தங்கைக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்திலும் கிடையாது. போனில் வந்த செய்தியைப் படித்து, பதிலும் போட்டு, ஒன்றிரண்டு நிமிஷம் கழித்துத் தலையைத் தூக்கி, “அஞ்சில் ரெண்டு” என்றாள்.

அக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி நின்றுவிட்டது.

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

விரல் ஒரே ஒரு தடவைதான் அழுத்தியது. இந்தத் தடவை தங்கையே கண்ணால் பார்த்தாள். அணைத்துப் போட்டு, “இன்னொரு தடவை கேளுக்கா” என்றாள். சரியான பதில் சொன்னாள், பெட்டி பேசியது. தப்பான பதில் சொன்னாள், பெட்டி நின்றது. மறுபடியும் சரி, பேச்சு. மறுபடியும் தப்பு, மூச்சில்லை.

“அக்கா! தப்பாச் சொன்னாத்தான் நிக்குது!”

பெட்டி உயிர் வந்ததும் அக்கா தட்டினாள்: “உன் பெட்டிதானே. தப்புன்னு வந்தா வாயே திறக்காது.”

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே யோசித்தாள், யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வற்றிப் போனது. கேள்விகளும் ‘சரி’யும் முன்பே பதிந்து வைத்த ஒலி. அதைப் போட ஒரு படி வேகம் கூடினால் போதும். சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது நீளமான விளக்கம். பெட்டி அதைப் புதிதாகக் குரலாக்க வேண்டும், அதற்கு முழு வேகம் வேண்டும். அக்கா காத்திருந்த நேரத்தில் கவர்னர் வேகத்தை எட்டுப் படிகளில் ஆகக் கீழே இருக்கும் அடிப்படிக்கு இறக்கியிருக்கும். பொத்தானை அமுக்கியதும் ஒரே தாவாக எட்டாவது படிக்கு ஏற்றும். எழுத்தைத் தட்டும்போதோ திரை ஓயாமல் வேலை செய்வதால் வேகம் முன்பே ஏறியிருக்கும்.

அங்கேதான் இருந்தது சங்கதி. ஏறும்போது முதலில் வோல்டேஜ் ஏற வேண்டும். அது ஏறி நிற்கும் வரை பொறுத்து, அப்புறம்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சில்லு திணறி நின்றுவிடும். பொறுக்க வேண்டிய நேரம் என்று அவள் ஒரே ஒரு எண்ணை எழுதி வைத்திருந்தாள்: நாற்பது மைக்ரோ விநாடி. விநாடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் அதில் நாற்பது துண்டு. ஒரு படி ஏற இருபது போதும், ஆகவே நாற்பது தாராளம். அப்போது கவர்னர் படிப்படியாகத்தான் ஏறியது. பிறகு, பேச்சு தாமதமாகத் தொடங்குகிறது என்று புகார் வந்து, ஒரே தாவாக ஏறும்படி அவளே மாற்றினாள். நாற்பதை மாற்றவில்லை. ஏழு படி தாவ நூற்று நாற்பது வேண்டும். லேபில் பெட்டி ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததால் அடிப்படிக்கு இறங்கவே இல்லை. மற்றப் பத்தொன்பது பேரோ ‘தண்ணி’, ‘வேண்டாம்’ என்று பதிந்த சொற்களோடு காலம் தள்ளிவிட்டார்கள். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருக்கும் ஒருத்தியிடம்தான் குட்டு வெளிப்பட்டது.

“என்னடி, முகத்துல ஈயாடலை?” என்று அக்கா தட்டினாள்.

“ஒண்ணுமில்லக்கா. பார்க்கறேன்.”

திங்கட்கிழமை மின்பலகைக்காரர் இரண்டு கம்பிகளைப் பெட்டியில் தொட்டு, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரையும் ஸ்கோப் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். வோல்டேஜ் கோடு சாய்வாக ஏறிக்கொண்டிருந்தது. அது பாதி வழியில் இருக்கும்போதே வேகத்தின் கோடு உச்சிக்குப் போய்விட்டது.

“ஒரு படிக்கான நேரத்துல ஏழு படி மூட்டை தூக்கச் சொன்னா யாரா இருந்தாலும் விழத்தான் செய்வாங்க மேடம்” என்றார். “இதுக்கா மூணு வாரம் என் பலகையைத் திட்டினீங்க?”

“தப்புதான். மன்னிச்சிடுங்க” என்றாள். அவரிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. எத்தனை படியோ அத்தனைக்கும் தகுந்தபடி பொறுக்கும்படி நிரலை மாற்றினாள். நாலே நாலு வரி. காலையிலிருந்து சாயங்காலம் வரை, இரண்டு நிமிஷம் சும்மா இருந்து ஒரே தாவு, மறுபடி இரண்டு நிமிஷம், மறுபடி தாவு என்று இருநூறு தடவை ஓட்டினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சாயங்காலம் புது நிரலை அக்காவின் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தாள்.

“என்ன பண்ணின?”

“சின்ன அப்டேட்டுக்கா.”

“அப்போ என் விரல்?”

“விரலும் இப்ப நல்லாப் பழகிடுச்சு” என்றாள் தங்கை.

அட, அந்த இடத்திலாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு எழவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு, கடைசி பெஞ்சில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகள். அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது. ஜன்னலோரம் இருந்த சிறுமி எழுந்து, “அஞ்சில் ரெண்டு, டீச்சர்” என்றாள்.

சிவப்புப் பொத்தான்.

“அவசரப்படாதே. ரெண்டையும் முப்பத்தஞ்சு பங்கா வெட்டு. ஒண்ணு பதினஞ்சு பங்கு, இன்னொண்ணு பதினாலு. இப்போ சொல்லு.”

“ஏழில் மூணு!” என்று வகுப்பே கத்தியது. தங்கை அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மணி அடித்ததும் தலைமையாசிரியை இருவரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். நல்ல மனுஷி, ஆனால் எதற்கும் தாள் வேண்டும் அவருக்கு. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இன்னைக்கு நல்லாத்தான் நடந்துச்சு டீச்சர், நான் இல்லைங்கல. ஆனா கம்பெனியே இப்படி எழுதிக் குடுத்திருக்கு. கருவி சரி, அதைக் கையாள்றவங்கதான் சரியில்லைன்னு. நாளைக்கு வகுப்பு நடுவுல நின்னா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? இப்போதைக்கு அலுவலக வேலையையே பாருங்களேன்.”

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். கீழே இருந்த கையெழுத்துக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. தங்கை போட்ட முதல் கையெழுத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். திரும்பித் தங்கையைப் பார்க்கவில்லை. மடியில் ஆள்காட்டி விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

தங்கையின் வாயில் வாக்கியங்கள் தயாராக வந்து நின்றன. ‘மென்பொருள் மேம்படுத்தப்பட்டுள்ளது.’ ‘முந்தைய அறிக்கை பழைய பதிப்பைப் பற்றியது.’ பூசி மெழுக எத்தனையோ வழி இருந்தது. எதைச் சொன்னாலும் அந்த விரல் குற்றவாளியாகவே இருக்கும்.

“மேடம், அதை எழுதினது நான்தான்” என்றாள். “அது பொய். பிழை பெட்டியிலதான், நான் எழுதின நிரல்ல. அக்கா அமுக்கினது ஒவ்வொரு தடவையும் சரி. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை, அதனால அவங்க தலையில போட்டுட்டேன்.”

“அக்காவா?” தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவிடமிருந்து தாளை வாங்கித் திருப்பிப் போட்டு, தங்கையிடம் பேனாவை நீட்டினார். “இதையே எழுதிக் குடுப்பீங்களா?”

கையால் தமிழ் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது அவளுக்கு. எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. கண் கலங்கியதில் வரி வேறு மேலே ஏறியது. ‘கருவி நின்றதற்குக் காரணம் நான் எழுதிய நிரல். ஆசிரியை எல்லாப் பொத்தான்களையும் சரியாகவே அழுத்தினார். முன்பு எழுதியது என் தவரு.’ கையெழுத்துப் போட்டாள்.

தலைமையாசிரியை படித்தார். “போதும். நாளையிலேருந்து வகுப்புக்கு வாங்க டீச்சர்” என்று கோப்பை எடுத்தார்.

அக்கா கையை நீட்டினாள். தாளை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பிறகு பெட்டியில் தட்டினாள். நீளமாகத் தட்டினாள்.

“மூணு வாரம் என் விரலைத் திட்டிக்கிட்டிருந்தேன்டி. ராஸ்கல் விரலேன்னு.”

பெட்டி அதை ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்தது. தங்கை அழுதாள். தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பி, மைதானத்தில் யாரோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் இருந்த ‘தவரு’வில் ‘ரு’வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மேலே ‘று’ என்று எழுதினாள். பிறகு தாளைக் கோப்பில் வைக்கச் சொல்லித் தலைமையாசிரியையிடம் கொடுத்தாள்.