முன் சக்கரங்கள்

கம்பெனி முற்றத்துப் பனிக்குவியலைத் தள்ளவே மாட்டேன் என்றது பனி தள்ளும் லாரி. நாலு சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கிற ஃபோர் வீல் பொத்தானை லூசியன் அழுத்தினான். டேஷ்போர்டில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரங்கள் மட்டும் வெறிபிடித்துச் சுற்றின. முன் சக்கரங்கள் எனக்கென்ன என்று நின்றன.

இறங்கி, பியூஸைக் கழற்றிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஒயர் எங்காவது அறுந்திருக்குமோ என்று கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்ததில் விரல்கள் மரத்துப்போயின. மெக்கானிக் வெண்டல் ஷெட் வாசலில் காபிக் கோப்பையோடு நின்றான். யார் பானெட்டைத் திறந்தாலும் ஓடிவந்து நாலு யோசனை சொல்கிறவன், இன்று இடத்தை விட்டு அசையவில்லை.

கிளோவிஸ் ஓட்டிய லாரி இது; இன்றுதான் லூசியன் கைக்கு வந்திருந்தது. அவன் லூசியனின் தங்கை புருஷன். இந்தக் குளிர்காலத்தின் முதல் பெரும்பனியன்று, மாதா கோவில் மேட்டில் ஏறும்போது லாரி பின்னோக்கி வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. வலது கால் முறிந்தது. ஃபோர் வீல் போட மறந்துவிட்டான் என்று முதலாளி ஹார்லன் அவனை வேலையிலிருந்து நீக்கினார். போட்டதாகத்தான் ஞாபகம் என்று முதலில் சொன்ன கிளோவிஸ், ஊரே சொல்லவும், மறந்திருப்பேன் போல என்று தானும் சொல்ல ஆரம்பித்தான். இப்போது அவன் குடும்பமும் லூசியன் வீட்டில்தான். லூசியனின் சம்பளத்தில்தான் இரண்டு குடும்பமும் சாப்பிடுகிறது.

லூசியன் பனியில் ஓர் அட்டையை விரித்து, லாரிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். பின் ஷாஃப்ட் இருந்தது. முன் சக்கரங்களைச் சுற்றவைக்கிற ஷாஃப்டைக் காணோம். அது மாட்டியிருந்த வாயில் கந்தல் துணியைத் திணித்துக் கம்பியால் கட்டியிருந்தது.

"வெண்டல், முன் ஷாஃப்ட் எங்கடா?"

"கத்தாதே. ஆபீஸ்ல அவரு இருக்காரு." வெண்டல் அருகில் வந்து குனிந்தான். "ஜாயின்ட் போயிருச்சு. புதுசு வாங்கலாம்னேன். இந்தக் குளிர்காலம் இப்படியே ஓடட்டும், கழட்டிப் போடுன்னாரு. விளக்கு எரியுதுல்ல, யாருக்குத் தெரியப்போகுதுன்னாரு."

"கிளோவிஸ் மோதினதுக்கு அப்புறமா?"

வெண்டல் மீதிக் காபியைப் பனியில் கொட்டினான். "முந்தின நாளு."

லூசியன் அடியிலிருந்து வெளியே வந்தான். "நீ வாயைத் தொறக்கலையே."

"இப்ப உனக்கும் தெரியும்ல. போ, உள்ள போய்ச் சொல்லு. பாப்போம்."

சொல்லப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. ஹார்லனே வெளியே வந்தார்.

"இன்னும் கிளம்பலையா? மாதா கோவில் மேட்டுல பனி அப்படியே கிடக்குது."

"முன் சக்கரம் சுத்தல."

"விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன? பின்னால கனத்துக்கு நாலு மணல் மூட்டையை ஏத்திக்க. பயமா இருந்தா சாவியைக் குடுத்துட்டுப் போ. ஓட்டுறதுக்கு ஆளா இல்ல?"

சாவியைக் கொடுக்காமல் லூசியன் மூட்டை எடுக்கப் போனான். தன்னை நினைக்கவே அவனுக்குக் கூசியது. வெண்டல் ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாக மூட்டைகளை ஏற்றினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மேட்டுக்கு லூசியன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். லாரிச் சத்தம் கேட்டு, மாவுக்கட்டுக் காலோடு கிளோவிஸ் தெருமுனைக்கே வந்து, ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினான். லூசியன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"மச்சான், ஃபோர் வீல் போட்டுட்டியா? என்னை மாதிரி மறந்து தொலைச்சிராதே."

"போட்டுட்டேன் மாப்ளே."

கிளோவிஸுக்கு நம்பிக்கை வரவில்லை. ஊன்றுகோலில் எம்பி, தலையை உள்ளே நீட்டி, பச்சை விளக்கு எரிவதைத் தன் கண்ணால் பார்த்தான். அப்புறம்தான் லாரிக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, போ என்று அனுப்பினான்.